துணிக்கு அந்தப் பக்கத்துக் கை

மனிதனுக்கும் மனிதனுக்கும் நடுவில் இருந்த இணைப்பு அறுந்துபோய்விட்டது என்பதை அரசாங்கம் கண்டுபிடித்தது எழுபத்தெட்டாம் வருஷம். அதுவரைக்கும் ஜனங்கள் அதைக் கவனிக்காமல் தங்கள் பாட்டுக்கு உழுதுகொண்டும் கல்யாணம் பண்ணிக்கொண்டும் இருந்துவிட்டார்கள். கண்டுபிடித்த பிறகு அரசாங்கம் சும்மா இருக்குமா? உடனே ஒரு வாரியம் அமைத்தது. 'அகநோக்கு மற்றும் மானுட இணைப்புக் கலை வாரியம்' என்று பெயர். பெயர்ப்பலகை நீளமாகிவிட்டதால் சென்னை அலுவலகத்து வாசலில் அடங்காமல் பக்கத்து அறைச் சுவரில் பாதியை மாட்டினார்கள். பக்கத்து அறை கோழி வளர்ப்பு அலுவலகம். பலகையைக் கழற்று என்று அவர்கள் சொல்ல, முடியாது என்று இவர்கள் சொல்ல, அன்றிலிருந்து இரண்டு அலுவலகத்துக்காரர்களுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

வாரியத்துக்கு இயக்குநர் வைகுண்டராஜ். வெளிநாட்டில் இரண்டு வாரம் தங்கி நிறுவுகலை என்ற ஒன்றைப் பார்த்துவிட்டு வந்தவர். படத்தைச் சுவரில் மாட்டித் தள்ளி நின்று பார்ப்பதெல்லாம் பழைய கலையாம். புதுக்கலையில் பார்க்க வந்தவன் உள்ளே போக வேண்டும், தொட வேண்டும், தன்னைத் தானே துருவிப் பார்த்துக்கொள்ள வேண்டும். பார்க்க வந்தவன்தான் அந்தக் கலையில் பாதி. மீதிப் பாதிக்கு வாரியம் செலவு செய்யும்.

முதல் நிறுவுகலையைத் தேனிச் சந்தையில் வைப்பது என்று முடிவானது. சந்தைக்கு வரும் ஜனக்கூட்டம் அதிகம் என்பது சொன்ன காரணம். தேனியில் இறங்கினால் அரசாங்க ஜீப்பில் தேக்கடி பார்த்துவிட்டு வரலாம் என்பது சொல்லாத காரணம்.

மாட்டுச் சந்தைக்குப் பக்கத்தில், லாடம் கட்டுகிற இடத்தை ஒட்டி, சவுக்குக் கம்பு நட்டு, ஆள் உயரத்துக்குக் கறுப்புத் துணியை நீளமாகக் கட்டினார்கள். துணியில் வரிசையாகக் கை நுழைகிற அளவுக்கு ஓட்டைகள். இந்தப் பக்கத்திலிருந்து ஒருவர் கையை விட வேண்டும், அந்தப் பக்கத்திலிருந்து இன்னொருவர் விட வேண்டும். முகம் தெரியாது, பேசக் கூடாது. கை மட்டும் கையோடு கலக்கும். இதற்கு 'உன்னுள் நான்' என்று பெயர். பக்கத்திலேயே ஆளுயரக் கண்ணாடி வைத்த ஒரு மரக்கூண்டு. அது தன்னைத் தானே உள்நோக்கிப் பார்ப்பதற்கு. திறந்த அன்றைக்கே ஒரு சவரக்காரர் பெட்டியோடு வந்து அந்தக் கூண்டில் கடை போட்டுவிட்டார். பொதுமக்கள் கண்ணாடி முன்னால் நெடுநேரம் அமர்ந்து, வேறு மனிதராக எழுந்து போகிறார்கள் என்று வாரியம் சென்னைக்குத் தந்தி அடித்தது.

இந்தச் சங்கதி ஒன்றும் தெரியாமல், அன்றைக்குக் காலையில் ஜெயமங்கலத்திலிருந்து ஒற்றை மாட்டைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தான் ராக்கையா.

ராக்கையா இரண்டு காளைமாடு வைத்து உழுது பிழைக்கிற சம்சாரி. மூத்த மாட்டுக்குப் பெரியவன் என்றும் இளையதுக்குச் சின்னவன் என்றும் பெயர். சின்னவன் மயிலை நிறம். கன்றாக இருக்கும்போதே தாய்ப்பசு செத்துப்போனதால், ராக்கையாவின் பெண்டாட்டி ராமுத்தாய் அதற்கு ஆட்டுப்பாலை மூங்கில் குழாயில் ஊற்றிப் புகட்டி வளர்த்தாள். அவள் குரல் கேட்டால்தான் அது தவிட்டில் வாய் வைக்கும். ராக்கையா குரலுக்கு அது காதைக்கூட ஆட்டாது. அன்றைக்குச் சின்னவனுக்கு லாடம் தேய்ந்து கால் விந்தியது. கட்டிக்கொண்டு சாயங்காலத்துக்குள் திரும்ப வேண்டும் என்று சொல்லித்தான் ராமுத்தாய் கயிற்றை அவன் கையில் கொடுத்தாள்.

லாடம் கட்டியாயிற்று. மாட்டைப் புளியமரத்தில் கட்டிவிட்டு ராக்கையா வெற்றிலை போட உட்கார்ந்தபோது, சட்டைப் பையில் பேனா குத்திய ஒருவர் மூச்சு வாங்க ஓடிவந்து அவன் கையைப் பிடித்தார். வாரியத்தின் வட்டார இணைப்பாளர் ஞானசிகாமணி. போடி கடைத்தெருவில் ஏலக்காய் வியாபாரம் பண்ணுகிற குடும்பத்துப் பிள்ளை. அரசாங்க உத்தியோகம் கிடைத்ததே என்று இந்த வாரியத்தில் வந்து மாட்டிக்கொண்டவர்.

"அண்ணாச்சி, ஒரு அஞ்சு நிமிசம் வாங்க. தொறப்பு விழா. அந்தப் பக்கம் எங்க ஆபீசருக பூரா நிக்கிறாக. இந்தப் பக்கம் பொதுமக்கள் ஒருத்தரும் இல்ல."

"நா மாட்டுக்கு லாடம் கட்ட வந்தவன்யா."

"அதேன் பொதுமக்கள். வாங்க."

வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதை தொடங்கியது இப்படித்தான். ராக்கையா துணி முன்னால் நிறுத்தப்பட்டான். அவனுக்குப் பக்கத்து ஓட்டையில், என்ன நடக்கிறது என்று பார்ப்பதற்காக மாட்டுத் தரகர் முத்துக்கருப்பனும் தானாகவே வந்து நின்றுகொண்டார்.

இந்த இடத்தில் மாட்டுச் சந்தை வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தேனிச் சந்தையில் மாட்டு விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். வாங்குகிறவனும் விற்கிறவனும் கையைக் கோத்து, மேலே ஒரு துண்டைப் போட்டு மூடிக்கொள்வார்கள். வாங்குகிறவன் எத்தனை விரலைப் பிடிக்கிறானோ அத்தனை நூறு. ஐந்நூறுக்கு மேல் போனால், ஐந்தைப் பிடித்துவிட்டு மறுபடி பிடிக்கிற விரலையும் அதோடு கூட்டிக்கொள்ள வேண்டும். விலை கட்டாவிட்டால் விற்கிறவன் கையை உதறுவான். வாங்குகிறவன் ஏற்றிப் பிடிப்பான், விற்கிறவன் மறுபடி உதறுவான். கடைசியில் முழுக் கையையும் இறுகப் பிடித்து வாங்குகிறவன் ஒரு குலுக்குக் குலுக்க, விற்கிறவனும் பதிலுக்குக் குலுக்கிவிட்டால் பேச்சு முடிந்தது. விலை அந்த இரண்டு கைகளுக்கு மட்டும்தான் தெரியும். துண்டுக்குள் முடிந்த பேச்சை மறுத்தவனோடு அதற்குப் பிறகு சந்தையில் ஒருத்தனும் துண்டு போட மாட்டான். அவன் மகனோடும் போட மாட்டான்.

வாரியத்தின் வழக்கம் வேறு. இயக்குநர் வைகுண்டராஜ் தானே உட்கார்ந்து எழுதிய விதிமுறைப்படி, முதலில் எதிராளியின் இரண்டு விரலைப் பிடிக்க வேண்டும். அது நானும் நீயும். அடுத்து நாலு விரல், நாலு திசை. அடுத்து ஐந்தும், ஐம்பூதம். திரும்பவும் ஐந்து; ஐம்புலன். கடைசியில் முழுக் கையையும் இறுகப் பற்றி ஒரு குலுக்கு. அதுதான் இணைப்பு.

ஓட்டைக்குள் கையை விட்ட ராக்கையாவுக்கு அந்தப் பக்கம் ஒரு கை தட்டுப்பட்டது. கல் வைத்த மோதிரம் போட்ட, மெத்தென்ற கை. அது அவனுடைய இரண்டு விரலைப் பிடித்தது.

'என்ன எகத்தாளம்! சின்னவனை இந்த விலைக்கா கேக்குறான்?' என்று ராக்கையாவுக்குச் சுருக்கென்று வந்தது. கையை உதறினான். அந்தக் கை நாலு விரலைப் பிடித்தது. அப்படி வா வழிக்கு என்று நினைத்து மறுபடி உதறினான். விற்கிற எண்ணம் அவனுக்குத் துளிகூட இல்லை. ஆனால் தன் மாடு என்ன விலை போகும் என்று தெரிந்துகொள்ள ஆசைப்படாத சம்சாரி கம்பம் பள்ளத்தாக்கில் இன்னும் பிறக்கவில்லை. அந்தக் கை ஐந்து விரலையும் பிடித்தது. அவன் உதறுவதற்குள் திரும்பவும் ஐந்தைப் பிடித்தது. ராக்கையாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அந்த விலைக்குத் தேனிச் சந்தையில் ஒற்றை மாடு போனதாக அவன் அப்பன் காலத்திலும் பேச்சில்லை. இந்த நேரம் பார்த்து அந்தக் கை அவன் கையை முழுசாகப் பற்றி ஒரு குலுக்குக் குலுக்கியது. பூரித்துப்போய் நின்ற ராக்கையாவின் கை, அவனைக் கேட்காமலே, பதிலுக்குக் குலுக்கிவிட்டது.

குலுக்கிய பிறகுதான் அவன் திரும்பிப் புளியமரத்தடிச் சின்னவனைப் பார்த்தான்.

பக்கத்தில் நின்ற தரகர் அவன் முகத்தைப் பார்த்தார். "என்னப்பா ராக்கையா, பேச்சு முடிஞ்சிருச்சு போலயே?" என்றார்.

துணியைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் ஓடினான் ராக்கையா. கல் மோதிரக் கை ஒலிபெருக்கியைப் பிடித்திருந்தது. அதற்கு மேலே மாலை. மாலைக்கு மேலே இயக்குநர் முகம்.

"சாமி, தெரியாம நடந்துபோச்சு. எம் மாட்டை விட்டுருங்க. எம் பொண்டாட்டி வளத்த மாடு சாமி. பேச்சை விட்டேன்னு கைய உதறி ஒரு வார்த்தை சொல்லிட்டீகன்னா நா பாட்டுக்கு ஓட்டிட்டுப் போயிருவேன்."

வைகுண்டராஜுக்குக் கண் கலங்கியது. ஒலிபெருக்கியை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

"அன்பர்களே! இந்த எளிய மனிதர் 'என் மாட்டை விட்டுவிடுங்கள்' என்கிறார். எந்த மாடு? தன் நெஞ்சுக்குள் கட்டிப் போட்டிருந்த அகந்தை என்கிற மாடு! என் கை பட்ட மாத்திரத்தில் அது அறுத்துக்கொண்டு ஓடிவிட்டது. அவர் கை மும்முறை நடுங்கியதை நான் உணர்ந்தேன். வாரியம் தொடங்கி முதல் இணைப்பு, இதோ, இயக்குநரின் கையாலேயே நிகழ்ந்திருக்கிறது!"

எல்லோரும் கை தட்டினார்கள். புளியமரத்தடியில் சின்னவன் அசை போட்டுக்கொண்டு நின்றது.

ராக்கையாவுக்கு இரண்டே வழிதான் இருந்தது. வாங்கினவர் பேச்சை விட வேண்டும், இல்லை மாட்டை அவரிடம் ஒப்படைக்க வேண்டும். மாட்டை ஓட்டிக்கொண்டு போய் இயக்குநர் தங்கியிருந்த அரசாங்க பங்களா வாசலில் கட்டினான். கட்டிவிட்டு அங்கேயே உட்கார்ந்தான், வெறுங்கையோடு வீட்டுக்குப் போக அவனுக்குத் தைரியமில்லாமல்.

ஞானசிகாமணிதான் பயந்து பயந்து இயக்குநரிடம் சொன்னார். "சார், நீங்க மாடு வாங்கிட்டீங்க."

நடந்ததை எல்லாம் விளக்கி, கடைசியில் ஒரு துண்டை எடுத்து இயக்குநரின் கை மேல் போட்டு, என்ன விலைக்கு வாங்கினார் என்பதையும் விரல் விரலாகக் காட்டினார். வைகுண்டராஜ் மோதிரக் கையைத் துண்டுக்குள்ளிருந்து மெதுவாக வெளியே எடுத்தார்.

"ஞானசிகாமணி, அந்தத் துணிக்குள் சென்றது என் சொந்தக் கை அல்ல. வாரியத்தின் கை. வாங்கியது வாரியம்."

"அப்போ மாட்டைத் திருப்பிக் குடுத்திரலாமே சார். அவரும் அதத்தேன் கேக்குறாரு. கைய ஒரு தடவை உதறினாப் போதும்."

"இணைப்பு நிகழ்ந்தது என்று சென்னைக்குத் தந்தி போய்விட்டது. நிகழ்ந்த இணைப்பை ரத்து செய்ய வாரியத்தில் விதி இல்லை. ஏற்படுத்தத்தான் விதி இருக்கிறது."

மறுநாள் பங்களா முற்றத்தில் அவசரக் கூட்டம் கூடியது. கலைத்துறைக்குள் மாடு வாங்க வழி இல்லை, ஆனால் கலைப்பொருள் வாங்க வழி உண்டு என்பதால், சின்னவன் கலைப்பொருள் என்று ஏகமனதாகத் தீர்மானமானது. கலைப்பொருள் அந்தத் தீர்மானம் நடக்கும்போதே இயக்குநரின் திறப்பு விழா மாலையைத் தின்று முடித்தது. சென்னையிலிருந்து பதில் தந்தியும் வந்தது: அடுத்த சந்தையன்று நிறைவு விழா முடிந்ததும் துணி, கண்ணாடிக் கூண்டு, மாடு மூன்றையும் லாரியில் ஏற்றிச் சென்னைக்குக் கொண்டு வரவும்.

சந்தைக்கு வந்துபோனவர்கள் சொல்லிச் சேதி தெரிந்து, ராமுத்தாய் அன்று மத்தியானமே பஸ்ஸில் வந்து இறங்கிவிட்டாள். பங்களா வாசலில் மாட்டையும் பார்த்தாள், மாட்டுக்குப் பக்கத்தில் குந்தியிருந்த புருஷனையும் பார்த்தாள்.

"ஏய்யா, லாடம் கட்டவா கூட்டியாந்த, இல்ல விக்கக் கூட்டியாந்தயா?"

"விக்கணும்னு நெனைக்கல புள்ள. கை பாட்டுக்கு..."

"கை பாட்டுக்குன்னா? கை ஒங்கிட்டத்தான இருக்கு? நேத்து ராத்திரி பூரா பெரியவன் கூளத்துல வாயே வைக்கல தெரியுமா? வாசலப் பாத்தே நிக்கிது."

அதற்குப் பிறகு அவள் அவனோடு பேசவில்லை. பெரியவனைப் பக்கத்து வீட்டில் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் பழனிசெட்டிபட்டியில் சித்தி மகள் வீட்டில் தங்கிக்கொண்டு, தினம் காலையில் தவிடும் புல்லும் கொண்டுவந்து சின்னவனுக்கு வைத்தாள். கலைப்பொருளுக்குப் பொதுமக்கள் தீனி போடக் கூடாது என்று காவல்காரன் சொன்னான். அவள் பார்த்த பார்வையில் அவன் உள்ளே போய் நாற்காலியைத் துடைக்க ஆரம்பித்துவிட்டான். ராக்கையா பங்களா வேப்பமரத்தடியில் கிடந்தான். போகிற வருகிற அதிகாரிகள் எல்லாம் அவனை விரலால் சுட்டிக் காட்டி, "உள்நோக்கில் ஆழ்ந்திருக்கிறார்" என்று ஒருவருக்கொருவர் மெதுவாகச் சொல்லிக்கொண்டு, சத்தமில்லாமல் நடந்து போனார்கள்.

அவன் ஒவ்வொரு நாளும் இயக்குநர் வெளியே வரும்போது எழுந்து கும்பிட்டு அதையே கேட்டான். நிறைவு விழாவுக்கு முதல் நாள் வைகுண்டராஜ் இரங்கி அவனிடம் பேசினார்.

"நாளைக்கு விழாவில் நீங்களும் நானும் மறுபடியும் கை கோக்கப் போகிறோம். பத்திரிகையிலிருந்து படம் எடுக்க வருகிறார்கள். நல்லபடியாகக் கையைக் கொடுங்கள். படம் எடுத்து முடியட்டும், பிறகு உங்கள் மாட்டைப் பற்றி ஒரு குழு அமைக்கலாம்."

"லாரி நாளைக்கே போயிரும்ல சாமி?"

"குழு அதன் பின்னாலேயே வரும்."

இந்தப் பேச்சை ராமுத்தாய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே கேட்டாள்.

சந்தை நாள். துணிக்கு அந்தப் பக்கம் மேடை, மாலை, ஒலிபெருக்கி, படம் பிடிக்கிறவர். சந்தை ஜனம் பூராவும் வேடிக்கை பார்க்க அங்கேதான் கூடியிருந்தது. லாரி சந்தை முகப்பில் பின்பக்கத்தைத் திறந்துபோட்டு நின்றது. சின்னவனை அதன் பக்கத்தில் கட்டியிருந்தார்கள். துணிக்கு இந்தப் பக்கம் ராக்கையாவை நிறுத்திவிட்டு ஞானசிகாமணி கொஞ்சம் தள்ளி நின்றார். ராக்கையா கையை ஓட்டைக்குப் பக்கத்தில் கொண்டுபோனான். அப்போது பின்னாலிருந்து ஒரு கை அவன் தோளைப் பிடித்து நகர்த்தியது.

"தள்ளு. ஒங் கை பட்டதெல்லாம் போதும்," என்றாள் ராமுத்தாய்.

பொம்பளை கை துண்டுக்குள் போவது தேனிச் சந்தையில் இல்லாத வழக்கம். ஞானசிகாமணி அவளைப் பார்த்தார். அப்புறம் லாரியைப் பார்த்தார். அப்புறம் செருப்பு வார் அவிழ்ந்துவிட்டதுபோலக் குனிந்துகொண்டார். அன்றைக்கு அவர் போட்டிருந்தது வார் இல்லாத செருப்பு.

அந்தப் பக்கம் வைகுண்டராஜ் ஒரு கையில் ஒலிபெருக்கியும் மறு கை ஓட்டைக்குள்ளுமாகப் படத்துக்கு நின்று பேச ஆரம்பித்தார்.

"அன்பர்களே! இதோ, அந்த எளிய மனிதரின் கை மீண்டும் என் கையில். எத்தனை மென்மையாக... கொஞ்சம் உறுதியாகவே... பிடித்திருக்கிறார்."

கிணற்றில் கமலை இறைக்கும்போது மாடு முரண்டு பிடித்தால் மூக்கணாங்கயிற்றை இழுத்து நிறுத்துகிற கை ராமுத்தாயினுடையது. விரல் கணக்கெல்லாம் அவள் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய அவசியமும் அவளுக்கு இருக்கவில்லை. பிடித்தாள், அவ்வளவுதான். பிடித்ததை இறுக்கினாள்.

"மனித இணைப்பின் வலிமையை... வலியை... நான் இப்போது உணர்கிறேன். இந்த வாரியம் வெறும் சம்பளத்துக்காக... அம்மா!... தேக்கடி பார்ப்பதற்காக அமைக்கப்பட்டதல்ல. தேக்கடி நாங்கள் போனது ஒரே ஒரு தடவைதான்... இரண்டு தடவை! ஐயோ, மூன்று! ஜீப்பில்! குடும்பத்தோடு!"

யாரும் அவரைத் தேக்கடியைப் பற்றிக் கேட்கவில்லை. ஆனாலும் உள்நோக்கு என்று ஒன்று தொடங்கிவிட்டால் அது எங்கே போய் முட்டும் என்று யாருக்குத் தெரியும்?

"யாரப்பா அந்தப் பக்கம்! கையை விடச் சொல்லுங்கள்!"

"மாட்டை விடு," என்று துணிக்கு இந்தப் பக்கமிருந்து ஒரு பெண்குரல் நிதானமாகச் சொன்னது. பேசக் கூடாது என்ற விதி அத்தோடு மீறப்பட்டது.

"மாடு கலைப்பொருள்! வாரியச் சொத்து! அதைத் திருப்பித் தர எனக்கு... ஆ!... இணைப்பாவது மண்ணாங்கட்டியாவது! ஓட்டிக்கொண்டு போங்கள்! உங்கள் மாடு எனக்கு வேண்டாம்! வாரியத்துக்கும் வேண்டாம்!"

மோதிரக் கை உதறிக்கொண்டு வெளியே வந்தது. மாட்டுத் தரகர் முத்துக்கருப்பன் மேடை மேல் ஒரு காலை வைத்து ஏறி, துண்டைத் தலைக்கு மேல் சுழற்றினார்.

"கேட்டீகளா எல்லாரும்? வாங்குனவரு கைய ஒதறி, வாயாலயும் சொல்லிட்டாரு. பேச்சு விட்டுப்போச்சு! ஏலே, மாட்டை அவுத்துவிடுங்கடா!"

லாரி துணியையும் கண்ணாடிக் கூண்டையும் மட்டும் ஏற்றிக்கொண்டு சென்னைக்குப் போனது. கூண்டைக் கொடுக்க மாட்டேன் என்று சவரக்காரர் கொஞ்ச நேரம் தகராறு பண்ணினார்.

அந்த வருஷம் வாரியத்தின் ஆண்டு மலர் பளபளப்பான தாளில் வெளிவந்தது. முதல் பக்கத்தில் வைகுண்டராஜின் படம். ஒரு கை துணிக்குள் இருக்கிறது, வாய் திறந்திருக்கிறது, கன்னத்தில் கண்ணீர் வழிகிறது. 'முகம் அறியாத ஒரு மனிதரின் தீண்டலில் உருகி நிற்கும் இயக்குநர்' என்று கீழே போட்டிருந்தது. படத்தைப் பார்த்துவிட்டு மேலிடம் அவருக்குப் பதவி உயர்வு கொடுத்தது. பக்கத்து அறைக் கோழி வளர்ப்பு அலுவலகத்துக்காரர்கள் வாழ்த்துச் சொல்லக்கூட வரவில்லை.

ஆனால் அதெல்லாம் பின்னால் நடந்தது. அன்றைக்குச் சாயங்காலம் ராமுத்தாய் சின்னவனைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள். ராக்கையா ஒரு பத்தடி பின்னால் தலையைக் குனிந்துகொண்டு வந்தான். தேனி தாண்டியது, லெட்சுமிபுரம் தாண்டியது, அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. மாட்டோடு மட்டும் அவ்வப்போது ஏதோ சொல்லிக்கொண்டாள். கொன்று போட்டிருந்தால்கூட ராக்கையாவுக்கு இவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது.

ஜெயமங்கலம் எல்லைக்கு வந்து மாடு தண்ணீர் குடிக்க வராக நதிக்குள் இறங்கியபோது, அவள் திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்.

"எம்புட்டுக்குத்தேன் கேட்டான் அந்த ஆளு?"

ராக்கையா பக்கத்தில் வந்தான். வாயால் சொல்ல அவனுக்கு வரவில்லை. சந்தை வழக்கம் நாக்கைக் கட்டிப்போட்டது. தோளில் கிடந்த துண்டை எடுத்தான். அவள் கையைத் தன் கையில் எடுத்து, மேலே துண்டைப் போட்டு மூடினான். ஐந்து விரலையும் பிடித்தான். விட்டுவிட்டு மறுபடியும் ஐந்தையும் பிடித்தான்.

ராமுத்தாய் கையை உதறவில்லை. தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த சின்னவனைக் கொம்பிலிருந்து வால் வரைக்கும் ஒரு தடவை நிதானமாகப் பார்த்தாள்.

"நம்ம மாட்டுக்கு அது கொறச்சல்தேன்," என்றாள்.